ஓசி அடுப்புக்கு நாலு நல்ல வார்த்தை

சும்மா கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாதாம். வாங்கிக்கொண்டு சிரிக்க வேண்டுமாம். எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, இந்த நியாயம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. காசு கொடுத்து வாங்கிய சட்டி ஒழுகினால் கொண்டுபோய்க் கடைக்காரன் முன்னால் வைத்து நாலு கேள்வி கேட்கலாம். ஓசியில் வந்த சட்டி ஒழுகினால், ஒழுகுவதைக் கையில் ஏந்திக்கொண்டு ‘ரொம்ப நல்லா இருக்குதுங்க’ என்று சொல்ல வேண்டும். கொட்டுவது என்னவோ நம் வீட்டுக் கஞ்சிதான். ஒரே ஒரு தடவை, செம்மேட்டில் ஒரு பந்தலில் நின்றுகொண்டு, ஓசியில் வந்த பொருளைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஊரே என் மேல் காறித் துப்பாத குறை. அந்த எரிச்சல் இன்றைக்கும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மலை மேலே வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு நான் வாக்கப்பட்டுப் போனேன். அப்போது கீழே காளப்பநாயக்கன்பட்டிப் பக்கமிருந்து மலைக்கு ரோடு போட ஆரம்பித்திருந்தார்கள். அதுவரைக்கும் உப்பிலிருந்து கெரசின்வரை எல்லாம் தலைச்சுமையாகத்தான் மேலே வரும். என் வீட்டுக்காரர் காட்டு வேலை இல்லாத நாட்களில் அந்த ரோட்டில் கல் உடைக்கப் போவார். ரோட்டைக் காண்ட்ராக்ட் எடுத்தவர் கீழ்நாட்டுக்காரர். அவருடைய சம்சாரம் ஒரு மாதர் சங்கம் வைத்திருந்தது. இந்தக் கதையில் வருகிற அம்மா அந்த அம்மாதான். மகராசி, இப்போது இருக்கிறாளோ இல்லையோ, எங்கிருந்தாலும் என் வயிற்றெரிச்சல் போய்ச் சேரட்டும்.

எங்களுக்கு எதிர் வீட்டில் என் ஓரகத்தி இருந்தாள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் சம்சாரம். அந்த அண்ணன் நான் வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவள் ஒண்டியாகக் காட்டைக் கொத்தி, விதைத்து, அறுத்துப் பிழைத்தாள். அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். வேலையில் புலி, வாயில் பூச்சி. யார் எது சொன்னாலும் ‘சரீங்க’. யார் எதைக் கொடுத்தாலும் ‘நல்லா இருக்குதுங்க’. அந்தக் குணத்தைப் பொறுமை என்று ஊர் புகழ்ந்தது. எனக்கு அப்போதே கோபம்தான் வரும்.

விதையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் மலையில் விதை இருக்கிற இடம் அடுப்புக்கு நேர் மேலே. தையில் அறுப்பு முடிந்ததும் நல்ல தினைக் கதிராகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டித் தொங்கவிடுவோம். மொச்சையைக் கூடையில் போட்டுப் பரணில் வைப்போம். கீழே எரிகிற அடுப்பின் புகை ராத்திரி பகல் அதன் மேல் படும். கூரைப் புல்லும் கறுக்கும், கதிரும் கறுக்கும், நம் மூஞ்சியும் கறுக்கும். ஆடியில் மழை பார்த்து விதைக்கிற அன்றைக்குத்தான் அதைக் கீழே இறக்குவது. அதுவரைக்கும் விதை வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வீட்டுச் சாமியும் கூடவே இறங்கிப் போய்விடும் என்பார்கள். விதைக்கிற அன்று, இல்லாதவருக்கு ஒரு கூடை அள்ளிக் கொடுக்கலாம், அது புண்ணியம். அதற்கு முந்தின நாள் கேட்டால் பெற்ற தாய்க்கும் கிடையாது. வேறு எதில் விட்டுக் கொடுத்தாலும் இதில் எங்கள் ஆட்கள் விட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் தை முடிகிற சமயம் அந்த அம்மா எங்கள் ஊருக்கு வந்தது. கூடவே ஒரு கொத்தனார். பின்னால் இரண்டு ஆட்கள் சுட்ட மண் குழாய்களைத் தலையில் சுமந்துகொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். புகையில்லாத அடுப்பாம். குழாய் வழியாகப் புகையெல்லாம் கூரைக்கு வெளியே போய்விடுமாம். மலை முழுக்கச் சும்மாவே கட்டிக் கொடுக்கப் போகிறார்களாம். முதல் அடுப்புக்கு என் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ரோட்டு வேலைக்கு வருகிறவன் வீடு என்பது ஒரு காரணம். சின்ன வயசில் கீழே அத்தை வீட்டில் இருந்து நாலு எழுத்துப் படித்தவள், பேசத் தெரிந்தவள் என்பது இன்னொரு காரணம். பேசத் தெரிந்தவளைத் தேடி வந்தார்கள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா வாசல்படியில் நின்று என் முகத்தைத் தூக்கிப் பார்த்தது. “ஏம்மா, உன்ர கண்ணைப் பாரு, கோவைப்பழமாட்டச் செவந்து கெடக்குது. இந்தப் புகையில எப்படித்தான் இருக்கறீங்களோ” என்றது. எனக்கு நெஞ்சு இளகிவிட்டது, பொய் சொல்லவில்லை. அதுவரைக்கும் என் கண்ணைப் பற்றி ஒருத்தர் கேட்டதில்லை. சரீங்க என்று தலையாட்டினேன். உடனே கொத்தனார் கடப்பாறையை எடுத்துப் பழைய அடுப்பை இடித்துத் தள்ளிவிட்டான். அதுதான் அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. “பழைய அடுப்பு இருந்தா திரும்ப அதுலதான் போயி ஊதிட்டு இருப்பீங்க” என்றது அந்த அம்மா.

இப்போது நியாயமாகப் பேச வேண்டும். அடுப்பு நல்ல அடுப்புதான். இரண்டு வாரத்தில் என் கண் எரிச்சல் நின்றுவிட்டது. ஊதுகுழலை எடுத்து மூலையில் வைத்தேன். இருமல் குறைந்தது. சோற்றுப் பானையில் கரி கம்மி, தேய்க்கிற வேலையும் கம்மி. வீட்டுக்குள் நிமிர்ந்து நின்றால் எதிரே இருக்கிற ஆளின் முகம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் அவ்வளவு அழகில்லை என்பதையே அப்போதுதான் பார்த்தேன். ஊர்ப் பெண்கள் தினமும் வந்து குழாயைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்காவும் வந்து உட்கார்ந்து, “உனக்கென்ன புள்ள, ராசாத்தியாட்ட ஆக்கற” என்று ஏங்குவாள். அவளுக்கு என்னைவிடக் கண் மோசம். சாயங்காலமானால் நெல்லுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு. அந்த அம்மா மாசம் ஒரு தடவை வந்து, “எப்படி இருக்குது அடுப்பு?” என்று கேட்கும். நல்லா இருக்குதுங்க என்பேன். மனசாரத்தான் சொன்னேன்.

பங்குனிக் கடைசியில் இரண்டு மழை பெய்தது. மேகம் இறங்கி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது என் தோள்மேல் என்னவோ விழுந்தது. தட்டிவிட்டேன். இன்னொன்று விழுந்தது. வண்டு. நிமிர்ந்து பார்த்தேன். பரண் விளிம்பில் சாரை சாரையாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஏறிப் போய் மொச்சைக் கூடையில் கையை விட்டேன். எல்லாம் ஓட்டை. தினைக் கதிரைத் தொட்டால் ஈரம், வெள்ளையாகப் பூசணம். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன், மணி உதிரவில்லை, மாவுதான் உதிர்ந்தது. எத்தனை தலைமுறையாக அந்தப் பரணில் விதை தொங்குகிறது, ஒரு வண்டு ஏறிப் பார்த்தவர்கள் கிடையாது. புகை போன பிறகுதான் வண்டுக்கு வழி தெரிந்திருக்கிறது.

இதைக் கொத்தனாரும் நினைக்கவில்லை, அந்த அம்மாவும் நினைக்கவில்லை, நானும்தான் நினைக்கவில்லை. அதற்காக யாரையும் நான் திட்டவில்லை. தெரியாமல் நடந்தது. தெரிந்த பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

முதலில் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தார். “ஏனுங்க, ஆடிக்கு என்னத்த வெதைக்கறது?” என்றேன். “அண்ணி ஊட்டுல இருக்குதல்ல. வெதைக்கிற அன்னிக்குக் கேட்டா பாதி குடுக்கும்” என்றார். அது உண்மைதான். அக்காவின் பரணில் இரண்டு காட்டுக்கும் காணும் அளவுக்கு விதை இருந்தது. அவள் வீட்டில் பழைய அடுப்பு, நல்ல புகை. இரண்டு குடும்பத்துக்கும் மறு வருஷத்துச் சோறு அந்தக் கறுத்த கட்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்காவது ரோட்டு வேலை உண்டு. அவளுக்கு அந்தக் காட்டை விட்டால் ஒன்றும் கிடையாது.

நான் வீட்டு மூலையில் ஒரு சின்னக் குழி தோண்டி, ஈர விறகு போட்டுப் புகை மூட்ட ஆரம்பித்தேன். மிச்சம் மீதி பிழைக்குமா என்று ஒரு நப்பாசை. சொல்லி வைத்தாற்போல மறு வாரமே அந்த அம்மா வந்து நின்றது. புகையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “அம்மா, ஒண்ணு சொல்லோணுங்க, வெதையெல்லாம் வண்டு…” என்று நான் ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. “உங்களுக்கெல்லாம் எவ்வளவு செஞ்சு குடுத்தாலும் புத்தி மட்டும் மாறாது போல. மாடு கட்டற எடத்துல ரொட்டியக் கொண்டாந்து வெச்ச கதைதான்” என்றது. என் வீட்டுக்காரர் ஓடி வந்து குழியை மிதித்து அணைத்தார். காலில் கொப்புளம் போட்டது அந்த மனுஷனுக்கு. கொப்புளத்தோடு நின்று, “மன்னிச்சுக்குங்கம்மா, இனிமேப் போட மாட்டா” என்று கும்பிட்டார். நான் கும்பிடவில்லை.

போகும்போது அந்த அம்மா இரண்டு செய்தி சொல்லிவிட்டுப் போனது. சித்திரையில் செம்மேட்டில், சந்தை அன்று, பெரிய விழா. கீழே இருந்து பெரிய ஆபீசர் வருகிறார். மேடையில் ஏறி அடுப்பைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அது ஒன்று. விழா முடிந்த கையோடு அடுத்த அடுப்பு என் ஓரகத்தி வீட்டில். அது இரண்டாவது. “பாவம், புருசன் இல்லாத பொம்பள. அதுக்கு மொதல்ல கட்டிக் குடுத்தாத்தான் புண்ணியம்” என்றது. அந்த அம்மாவுக்குப் புண்ணியம் வேண்டுமென்றால் எங்கள் பரணா கிடைத்தது?

அன்று சாயங்காலமே அக்காவைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னேன். வண்டு அரித்த மொச்சையை அவள் மடியில் கொட்டினேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“ஐயோ சாமி” என்றாள். “எனக்கு அடுப்பு வேண்டாம் புள்ள.”

“அதை நீ அவங்ககிட்டச் சொல்லு.”

“நானா? எப்படிப் புள்ள சொல்றது? நமக்கு நல்லது பண்றேன்னு வாராங்க. மூஞ்சியப் பாத்து வேண்டாம்னா என்ன நெனைப்பாங்க? ஊருக்கே கெட்ட பேரு.”

“அப்ப வெதைய எறக்கி வேற ஊட்டுல வைய்யி.”

அவள் என்னைப் பார்த்த பார்வை, நான் குழந்தையைத் தூக்கிக் கிணற்றில் போடு என்று சொன்னதுபோல இருந்தது. “வாசலத் தாண்டி வெதையா? என்ன பேச்சுப் பேசற நீ” என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ மேடையில பேசறயில்ல கண்ணு? நீயே சொல்லிப்போடு. இந்த அடுப்பு இப்படி இப்படின்னு. உனக்குத்தான் வாய் இருக்குது. அவங்களே ரோசன பண்ணிட்டு உட்ருவாங்க.”

அவள்தான் சொல்லச் சொன்னாள். இதை இன்னொரு தடவை எழுதுகிறேன், ஏனென்றால் பிற்பாடு ஊரில் ஒருத்தர்கூட இதை நம்பவில்லை. அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொன்னாள்.

விழா அன்று செம்மேட்டில் தென்னங்கீற்றுப் பந்தல். சந்தைக்கு வந்த கூட்டம் பூராவும் அங்கேதான். ரோடு பாதி மலைவரைக்கும்தான் வந்திருந்தது, மிச்சத்தை ஏறி வந்த ஆபீசர் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு மாதிரி அடுப்பு கட்டி, அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, என்ன சொல்ல வேண்டும் என்று இன்னொரு தடவை ஒப்பிக்க வைத்தது. கண் எரியவில்லை, விறகு மிச்சம், வீடு சுத்தம், சங்கத்துக்கு நன்றி. அவ்வளவுதான். முன்வரிசையில் என் வீட்டுக்காரர். அவருக்குப் பக்கத்தில் ரோட்டு மேஸ்திரி. பெண்கள் பக்கம் அக்கா, இரண்டு பிள்ளைகளையும் முன்னால் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏறினேன். கும்பிட்டேன். முதலில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை.

“ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் கும்புடறேனுங்க. இந்த அடுப்பு வந்ததுல இருந்து என்ர கண்ணு எரியறதில்லீங்க. இருமல் இல்லீங்க. வெறகு பாதிதான் ஆவுதுங்க. அந்த அம்மா வந்து என்ர கண்ணைப் பாத்து வெசனப்பட்டுதுங்க, அதை நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேனுங்க.”

கை தட்டினார்கள். அந்த அம்மா தலையை ஆட்டிச் சிரித்தது. போதும், இறங்கு என்று கையைக் காட்டியது. நான் இறங்கவில்லை.

“ஆனா புகை இல்லாததுனால பரண் மேல இருந்த வெதையெல்லாம் வண்டு தின்னுபோட்டுதுங்க. கதிருல பூசணம் புடிச்சுப்போச்சுங்க. ஆடிக்கு எங்கிட்ட ஒரு மணி இல்லீங்க. இதை யாரும் வேணும்னு பண்ணல. வெதைக்கு ஒரு வழி சொல்லிப்போட்டு அப்பறம் மத்தவங்க ஊட்டுல கட்டுங்க. இல்லாட்டி ஆடி முடியட்டும், வெதை எறங்குன பொறவு கட்டுங்க. அதுவரைக்கும் பழைய அடுப்பை இடிக்க வேண்டாமுங்க.”

இதில் என்ன தப்பு இருக்கிறது, சொல்லுங்கள். நல்லதை முதலில் சொன்னேன். நன்றி சொன்னேன். குறையைச் சொன்னேன். வழியும் சொன்னேன். நாலு மாசம் தள்ளிக் கட்டச் சொன்னேன், அவ்வளவுதான். அப்புறம் பின்னாலிருந்து யாரோ, “ஓசியில வாங்கித் தின்னுபோட்டு வாயைப் பாரு” என்றார்கள். அதற்குச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எங்கள் ஊர்க்காரர்கள் சத்தம்தான் பெரிசாகக் கேட்டது.

ஆபீசர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஏம்மா, மொத்தத்துல அடுப்பு நல்லதா, கெட்டதா? ஒண்ணு சொல்லு” என்றார்.

“கண்ணுக்கு நல்லதுங்க, வெதைக்குக் கெட்டதுங்க.”

“ரெண்டும் சொன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? ஒண்ணு சொல்லு.”

“ரெண்டும் நெசமுங்களே, நான் எப்படிங்க ஒண்ணு சொல்றது?”

அவருக்கு அலுத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி வேறு என்னவோ பேச ஆரம்பித்தார். எங்கள் ஊர்ப் பெரியவர் எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அந்த அம்மாவைக் கும்பிட்டார். “சின்னப் பொண்ணுங்க, வெவரம் பத்தாதுங்க. எங்க ஊரு அப்படிப்பட்ட ஊரு இல்லீங்க” என்றார். அந்த மனுஷன் பரணிலும் விதை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அந்த அம்மா சிரிப்பு மாறாமல் எழுந்து நின்றது. கோபப்பட்டிருந்தால்கூட நான் மதித்திருப்பேன். சிரித்துக்கொண்டே பெண்கள் பக்கம் பார்த்து, “அடுத்த அடுப்பு இவளோட ஓரகத்திக்குத்தான் குடுக்கறதா இருந்தோம். அது எங்க? எந்திரிம்மா. நீயே சொல்லு. உனக்கு வேணுமா, வேண்டாமா?” என்று கேட்டது.

அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். பந்தல் பூராவும் அவளைத் திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். வேண்டாமுங்க என்று ஒரு வார்த்தை. ஆடிக்கு அப்பறம் பாக்கலாமுங்க என்றாவது ஒரு வார்த்தை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“குடுங்கம்மா” என்றாள். “அவளுக்கு வாய்க்கொழுப்புங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

கைதட்டு என் காதைப் பிளந்தது. அடி பாவி என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு இறங்கினேன். என் வீட்டுக்காரர் எனக்காக நிற்காமல் முன்னால் நடந்து போய்விட்டார். ஊர்வரைக்கும் நான் தனியாகத்தான் நடந்தேன். மறுநாள் ரோட்டுக்குப் போனவரை மேஸ்திரி, வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினான். அவர் வந்து கடப்பாறையைச் சுவரில் சாத்திவிட்டு, “நாலு நல்ல வார்த்தை சொல்றதுக்கு உனக்கு வாய் வலிக்குதா?” என்று மட்டும் கேட்டார். நாலு நல்ல வார்த்தையையும் சொல்லிவிட்டுத்தானே ஐந்தாவதைச் சொன்னேன் என்று அவரிடம் கத்தினேன். பிறகு ரொம்ப நாள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

அந்த வாரமே கொத்தனார் வந்து அக்கா வீட்டு அடுப்பை இடித்தான். இடிக்கிற சத்தம் எங்கள் வாசலில் கேட்டது. நான் ஓடிப் போய் நடுவில் நின்று, “அக்கா, இடிச்சா இடிக்கட்டும். மூலையில ஒரு குழி போட்டுத் தினம் புகையாவது மூட்டு. உனக்கு ரோட்டு வேலை போயிருமுன்னு பயம் இல்லையல்ல” என்றேன். “சரி சரி, நீ போ” என்றாள். கொத்தனார் முன்னால் நான் பேசியது அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. புகை மூட்டவே இல்லை. நான் சொன்னதாலேயே மூட்டவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஊர்ப் பண்டிகைக்கு வந்த பெண்களிடம், “அவளுக்கு நான் நல்லா இருந்தாப் பொறுக்காது. அவ மட்டும் கண்ணு எரியாம இருக்கோணும்” என்று சொன்னாளாம். அதை அப்படியே எனக்கு வந்து சொல்ல ஊரில் ஆளா இல்லை? எனக்குப் பற்றி எரிந்தது. உன் விதையை நம்பி நானும்தானே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன், உன் விதை கெட்டால் எனக்கென்னடி லாபம் என்று வாசலில் நின்றே கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வைகாசி முழுக்க மழைச்சாரல். ஆனியில் மேகம் கலையவே இல்லை. நான் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவளும் பரண் பக்கம் ஏறவில்லை. வழக்கம் அப்படி. விதைக்கிற அன்றைக்கு முன்னால் தொடக் கூடாதே. கண்ணும் அவளுக்குத் தெரியாது. கீழே இருந்து நிமிர்ந்து பார்த்தால் கட்டுக் கட்டாகத் தொங்குவதுதான் தெரிந்திருக்கும். தொங்குகிறது, இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

ஆடி பிறந்து நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் ஊர் முழுக்கக் கொத்தும் கூடையுமாகக் காட்டுக்குக் கிளம்பியது. என் வீட்டுக்காரர் என்னிடம், “போயிக் கேளு. இன்னிக்குக் கேட்டாத்தான் குடுப்பாங்க” என்றார். போகக் கால் வரவில்லை. ஆனால் ரோசம் பார்த்தால் காடு சும்மா கிடக்கும். கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

அவளே வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் விதைக்கூடை. பின்னால் இரண்டு பிள்ளைகள். கூடையை என் வாசலில், என் காலடியில் வைத்தாள். மேலே மொச்சை, அதன்மேல் தினைக் கதிர். நான் குனிந்து ஒரு கதிரை எடுத்தேன். எடுத்தவுடனே பொடிந்துபோனது. மொச்சைக்குள்ளிருந்து வண்டுகள் வெளிச்சத்தைக் கண்டு ஏறி வர ஆரம்பித்தன, கூடை விளிம்பில் வரிசையாக நின்றன. இரண்டு வீட்டிலும் இனி ஒரு பிடி விதை கிடையாது. சின்னப் பெண் ஒரு வண்டைப் பிடித்து உள்ளங்கையில் விட்டு விளையாடியது.

அக்கா முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறாள். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் முன்பே ஊர் கூட்டிச் சொல்லியாகிவிட்டது. அவள்தான் பேசினாள்.

“ஏம்புள்ள, அன்னிக்கு நீ இன்னுங் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?”

கை ஓங்கிவிட்டேன். மூத்தவள், புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன, எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அவள் ஒதுங்கவில்லை, கன்னத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். அடி வாங்கினால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. அந்தச் சுகத்தை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. ஓங்கிய கையாலேயே கூடையைத் தூக்கி வாசலில் கவிழ்த்தேன். கோழிகள் ஓடி வந்து வண்டைப் பொறுக்க ஆரம்பித்தன. மொச்சையை ஒன்றுகூடத் தொடவில்லை.